ஒரு கப் உலர்பழம் எத்தனை கிராம்? ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

செய்முறையில் ‘ஒரு கப் உலர் திராட்சை’ என்று போட்டிருக்கிறது. கையில் இருப்பதோ 500 கிராம் பொட்டலம். கிராம் கணக்கைத் தேடினால் ஓர் இடத்தில் 145 என்கிறார்கள், இன்னோர் இடத்தில் 165, வேறொன்றில் 153, மற்றொன்றில் 123. பழம் ஒன்றே, விடை மட்டும் நான்கு. எதை நம்பிச் சமைப்பது என்று கேட்பவர்கள் நிறையப் பேர் இருப்பதால், வழக்கத்தில் உள்ள வழிகளை எல்லாம் வரிசையாக எடுத்து இங்கே ஒப்பிட்டிருக்கிறோம்.

அந்த நான்கு எண்களில் எதுவும் தவறில்லை. 237 மி.லி. கப்பில் தளர்வாக நிரப்பினால் 145 கிராம். அதே கப்பில் அழுத்தி நிரப்பினால் 165. 250 மி.லி. கப்பில் தளர்வாக நிரப்பினால் 153. 200 மி.லி. கப்பில் 123. எந்தக் கப், எப்படி நிரப்பியது என்ற இரண்டையும் சொல்லாமல் விட்டதால்தான் இவ்வளவு குழப்பம்.

## கப்புக்குள் இருப்பது பழமும் காற்றும்

உலர் திராட்சையைத் தண்ணீரில் போட்டால் மூழ்கும். ஆகவே ஒரு மில்லிலிட்டர் பழத்தின் எடை ஒரு கிராமுக்கு மேல். 237 மி.லி. கப்பில் 145 கிராம்தான் பிடிக்கிறது என்றால், பழம் அடைத்துக்கொண்ட இடம் 145 மி.லி.க்கும் குறைவு. மீதி 90 மி.லி.க்கு மேல் காற்று. கப்பால் அளக்கும் ஒவ்வொரு முறையும் இந்தக் காற்றையும் சேர்த்தே அளக்கிறோம். பழத்தின் எடை கூடுவதும் குறைவதும் இந்தக் காற்றின் அளவைப் பொறுத்தது.

காற்றைக் கூட்டிக் குறைப்பவை இவை.

வடிவம். பாதியாகப் பிளந்து உலர்த்திய ஏப்ரிகாட் குழிந்த இலை போல இருக்கும்; ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்று இடைவெளி விடும். ஆப்பிள் வளையங்களின் நடுவே ஓட்டையே இருக்கிறது. கொட்டை எடுத்த ப்ரூன் (உலர்ந்த பிளம்) மென்மையானது, பக்கத்துப் பழத்தின்மேல் நசுங்கி இடத்தை நிரப்பிக்கொள்ளும். அதனால்தான் ஒரே கப்பில் ப்ரூன் 174 கிராமும் ஏப்ரிகாட் 130 கிராமும் ஆப்பிள் 86 கிராமுமாக நிற்கின்றன.

பசை. பேரீச்சையும் அத்தியும் கட்டிகட்டியாக ஒட்டிக்கொள்ளும். கட்டிக்குள் காற்று இல்லை, கட்டிகளுக்கு நடுவே பெரிய பொந்துகள். உதிர்த்துப் போட்டால் ஓர் எடை, அப்படியே போட்டால் வேறோர் எடை. எண்ணெய் தடவி விற்கும் திராட்சை சரளமாக வழுக்கி நெருங்கி அமரும். மாவு தூவி உதிர்த்து விற்கும் பேரீச்சைத் துண்டுகள் ஒட்டாமல் விலகி நிற்கும்.

நறுக்கல். முழுப் பேரீச்சையைக் கப்பில் அளந்து பிறகு நறுக்குவதும், நறுக்கிய பிறகு அளப்பதும் ஒன்றல்ல. நறுக்கிய துண்டுகள் கப்பில் கூடுதலாகப் பிடிக்கும். செய்முறையில் எது முதலில் என்பதைக் கவனித்துப் படிக்க வேண்டும்.

கப்பின் அளவு. அமெரிக்கக் கப் 236.6 மி.லி.; அங்கே உணவுப் பொட்டலங்களின் சத்துப் பட்டியலுக்கு 240 மி.லி. என்று முழுமையாக்கிக்கொள்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 250. ஜப்பானில் 200. அரிசி குக்கருடன் வரும் கப் 180. டேபிள்ஸ்பூனும் அப்படித்தான்: பெரும்பாலான இடங்களில் 15 மி.லி., ஆஸ்திரேலியச் செய்முறைகளில் 20. தேநீர்க் கோப்பையும் டம்ளரும் எந்தக் கணக்கிலும் சேராதவை.

சிறிய கப். ஒரு கப்புக்குப் பதிலாகக் கால் கப்பை நான்கு முறை போட்டால் எடை மாறும், குறிப்பாகப் பெரிய பழங்களில். கப்பின் சுவரை ஒட்டிய இடத்தில் பழங்கள் நெருங்கி அமர முடியாது. கப் சிறுத்தால் அந்த வீண் இடத்தின் பங்கு பெருகும். விளிம்புக்கு மேல் குவிந்து நிற்பதால் வரும் பிழையும் நான்கு முறை நேரும்.

## எதை வைத்து ஒப்பிடுகிறோம்

வழிகளை எடைபோட ஐந்து கேள்விகள்.

1. அடுத்த முறை செய்தாலும் இதே அளவு வருமா?
2. செய்முறையை எழுதியவர் போட்ட அளவுக்கு இது எவ்வளவு கிட்டே வருகிறது?
3. பிழை வந்தால் இந்தச் சமையல் தாங்குமா?
4. என்ன கருவி வேண்டும், எவ்வளவு நேரம், எத்தனை பாத்திரம் கழுவ வேண்டும்?
5. இரண்டு மடங்கு, நான்கு மடங்கு என்று பெருக்கும்போது என்ன ஆகும்?

இவற்றில் மூன்றாவதற்குத்தான் அதிக மதிப்பு கொடுக்க வேண்டும், ஏனென்றால் மற்ற நான்கும் அதைச் சார்ந்தவை. சாலட்டின்மேல் தூவும் திராட்சையில் 20 கிராம் கூடினால் யாருக்கும் தெரியாது. கேக்கில் தெரியும். உலர் திராட்சையின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு சர்க்கரை. 145 கிராமுக்குப் பதில் 165 கிராம் விழுந்தால், 12 கிராம் சர்க்கரை, அதாவது ஏறத்தாழ ஒரு டேபிள்ஸ்பூன், கூடிவிடுகிறது. அதோடு பழம் கலவையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். துண்டுகள் அதிகமானால் அவற்றைத் தாங்கிப் பிடிக்க மாவு போதாது, வெட்டும்போது உதிரும். பழம் நிறைந்த கேக்கில் நான்கு கப் என்றால் 580 கிராமா 660 கிராமா என்பது 80 கிராம் வித்தியாசம். அந்த அளவுக்கு ஒரு கலவை வளைந்து கொடுக்காது.

## வழி 1: கப்பாலேயே அளந்துவிடுவது

மாற்றமே வேண்டாம், கப் என்று சொன்னால் கப் என்று போட்டுவிடுவது. வேகமானது. செய்முறையை எழுதியவரும் கப்பால்தான் அளந்தார் என்றால், கொள்கையளவில் அவரது அளவுக்கு இதுவே நெருக்கம். உங்களிடம் அதே கப் இருக்க வேண்டும், அவர் நிரப்பியது போலவே நிரப்ப வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகள் மட்டும் உண்டு.

செய்முறை எதுவும் சொல்லாவிட்டால் தளர்வாக நிரப்பியது என்று கொள்ளுங்கள். ‘அழுத்தி’ என்று எழுதியிருந்தால் மட்டுமே அழுத்த வேண்டும். மாவைச் சீவுவது போல கத்தி முதுகால் உலர்பழத்தைச் சீவ முடியாது. விளிம்புக்கு மேல் பாதிக்கு அதிகமாக நீட்டிக்கொண்டிருக்கும் பழங்களை எடுத்துவிட்டு, பள்ளமான இடங்களை அவற்றால் நிரப்பினால் சமமாகும். கோடு போட்ட கண்ணாடி ஜாடி திரவத்துக்கானது. அதில் உலர்பழத்தைப் போட்டு மட்டம் பார்க்கக் குலுக்குவோம். குலுக்கியதும் பழம் அமர்ந்து எடை கூடிவிடும்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. பேரீச்சை, அத்தி போன்றவை கப்பின் உட்சுவரில் ஒட்டி, வழித்தெடுப்பதும் கழுவுவதும் பெரிய வேலையாகும். அடுத்தது, கடையில் எவ்வளவு வாங்குவது என்று தெரியாது. ‘மூன்று கப்’ என்ற செய்முறைக்கு 300 கிராம் பொட்டலம் வாங்கி வந்தால், 237 மி.லி. கப்பில் இரண்டு கப்பைத் தாண்டியதும் தீர்ந்துவிடும்.

இந்த வழி நன்றாக வேலை செய்யும் இடம்: திராட்சை, கிரான்பெரி போன்ற சிறிய, உதிரியான பழம்; ஒன்றிரண்டு கப்புக்கு மேல் போகாத அளவு; தூவல், சாலட், காலை உணவுக் கலவை போன்ற பொறுமையான சமையல்.

## வழி 2: அச்சிட்ட பட்டியலைப் பார்த்து மாற்றுவது

அதிகம் பேர் கையாளும் வழி இதுதான். அதிகம் பேர் தவறுவதும் இதில்தான். அமெரிக்க வேளாண் துறையின் உணவுச் சத்துத் தரவுகளில் உள்ள கப் எடைகளையே பெரும்பாலான பட்டியல்கள் அடிப்படையாகக் கொள்கின்றன. கீழே முதல் எண் அந்த 236.6 மி.லி. கப்புக்கு, இரண்டாவது அதை 250 மி.லி. கப்புக்குப் பெருக்கியது.

| பழம், நிலை | 236.6 மி.லி. கப் (கிராம்) | 250 மி.லி. கப் (கிராம்) |
|---|---|---|
| உலர் திராட்சை, தளர்வாக | 145 | 153 |
| உலர் திராட்சை, அழுத்தி | 165 | 174 |
| மிகச் சிறிய கருந்திராட்சை | 144 | 152 |
| பேரீச்சை, கொட்டை நீக்கி நறுக்கியது | 147 | 155 |
| அத்தி, முழுதாக | 149 | 157 |
| ஏப்ரிகாட், பாதிகள் | 130 | 137 |
| ப்ரூன், கொட்டை நீக்கியது | 174 | 184 |
| பீச், பாதிகள் | 160 | 169 |
| பேரிக்காய், பாதிகள் | 180 | 190 |
| ஆப்பிள் வளையங்கள் | 86 | 91 |

கிரான்பெரியை இந்தப் பட்டியலில் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. இனிப்பூட்டி உலர்த்திய கிரான்பெரிக்கு 40 கிராம் என்பது மூன்றில் ஒரு கப் என்றும், கால் கப் என்றும் இரண்டு விதமாகவும் அச்சிடுகிறார்கள். முதல் கணக்கில் ஒரு கப் 120 கிராம், இரண்டாவதில் 160. இவ்வளவு விலகல் உள்ள பழத்தை நிறுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

உங்கள் கப் வேறு அளவு என்றால் கணக்கு எளிது: பட்டியலின் எடையை உங்கள் கப்பின் மி.லி.யால் பெருக்கி, பட்டியல் கப்பின் மி.லி.யால் வகுக்க வேண்டும். அரிசி குக்கர் கப்பில் திராட்சை: 145 × 180 ÷ 236.6 = 110 கிராம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இங்கே முக்கியம் செய்முறை எழுதியவரின் கப்தான். உங்கள் அலமாரியில் இருப்பது அல்ல. அவருடைய கப் எது என்பதற்குச் செய்முறையிலேயே தடயம் இருக்கும். பால் ‘ஒரு கப் (250 மி.லி.)’ என்று எங்காவது அடைப்புக்குறிக்குள் இருந்தால் அதுவே விடை. ஒரு கப் சர்க்கரைக்கு 200 கிராம் என்று போட்டிருந்தால் 237 மி.லி. கப். வெண்ணெயை ‘ஸ்டிக்’ (அமெரிக்கக் கடைகளில் விற்கும் வெண்ணெய்க் கட்டி) கணக்கில் சொன்னால் அதுவும் அமெரிக்கக் கப்தான். டேபிள்ஸ்பூன் 20 மி.லி. என்று குறிப்பு இருந்தால் 250 மி.லி. கப் என்று கொள்ளலாம்.

மாற்றும்போது நேரும் தவறுகளில் மிகப் பெரியது அவுன்ஸ் தொடர்பானது. ‘ஒரு கப் என்பது 8 அவுன்ஸ்’ என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்த 8, திரவ அவுன்ஸ், கொள்ளளவு. எடை அவுன்ஸ் வேறு, ஒன்று 28.35 கிராம், எட்டு சேர்ந்தால் 227 கிராம். இரண்டையும் ஒன்றாக எண்ணி ஒரு கப் திராட்சைக்கு 227 கிராம் போட்டால், போட வேண்டிய 145 கிராமைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல் விழும். இதே தவறு எதிர்ப்பக்கமும் நடக்கும்: செய்முறையில் 8 அவுன்ஸ் திராட்சை என்று எடையில் சொல்லியிருக்க, ஒரு கப் போட்டு நிறுத்திக்கொள்வார்கள், பழம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். உலர்பழத்துக்கு அவுன்ஸ் என்று மட்டும் எழுதியிருந்தால் எடை என்றே கொள்ளுங்கள்.

பட்டியலை எவ்வளவு நம்பலாம்? திராட்சைக்கு நம்பலாம், பழம் சிறியது, ஒரே மாதிரியானது, யார் நிரப்பினாலும் பெரிதாக விலகாது. ப்ரூன், அத்தி, பேரிக்காய்ப் பாதி போன்ற பெரிய பழங்களுக்கு அந்த எண் ஒரு குறிப்பு, அவ்வளவே. ஒரு கப்பில் பத்துப் பேரிக்காய்ப் பாதிகள்தான் அடங்கும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் எடை எகிறிவிடும்.

## வழி 3: உங்கள் கப்பை ஒரு முறை நிறுத்து வைத்துக்கொள்வது

பெரும்பாலான வீடுகளுக்கு நாங்கள் பரிந்துரைப்பது இதைத்தான். தராசு வேண்டும், பழத்துக்கு ஒரு முறை பத்து நிமிடம் செலவிட வேண்டும். அதன் பிறகு கப்பைத் தொடவே தேவையில்லை.

முதலில் கப்பின் உண்மையான கொள்ளளவு. உலர்ந்த காலிக் கப்பைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றுங்கள். தராசு காட்டும் கிராம்தான் மி.லி. அடியில் 250 என்று பொறித்திருக்கும் கப்புகள் எல்லாம் 250 பிடிப்பதில்லை. இந்தச் சோதனையைத் தாண்டாமல் மேலே போவதில் பயன் இல்லை. அந்தக் கப் செய்முறையின் கப்பாக இல்லாவிட்டால், வழி 2-ல் சொன்ன பெருக்கலை உங்கள் சொந்த எடைக்குச் செய்துகொள்ளலாம்.

அடுத்து பழம். கட்டிகளை விரலால் உதிர்த்துவிடுங்கள். கையால் அள்ளி, விரல்களைத் தளர்த்தி, கப்பில் விழ விடுங்கள். கப்பாலேயே பொட்டலத்துக்குள் மொண்டு எடுத்தால் பழம் அழுந்தும். குலுக்க வேண்டாம், தட்ட வேண்டாம். விளிம்பைச் சமப்படுத்தி நிறுக்கவும். கொட்டிவிட்டு மறுபடி நிரப்பி நிறுக்கவும், மூன்றாவது முறையும். மூன்றில் நடு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியதற்கும் சிறியதற்கும் 10 கிராமுக்கு மேல் வித்தியாசம் வந்தால், நிரப்பும் விதம் முறைக்கு முறை மாறுகிறது. அல்லது அந்தப் பழம் கப் அளவைக்கே ஒத்துவராத பழம்.

எழுதி வைக்கும்போது எண்ணை மட்டும் எழுதினால் போதாது. ‘பேரீச்சை, கொட்டை நீக்கியது, கடலை அளவுக்கு நறுக்கியது, தளர்வாக, 237 மி.லி. கப்: இத்தனை கிராம்’ என்று முழுதாக இருக்க வேண்டும். நறுக்கலின் பருமன் மாறினால் எடையும் மாறும்.

இப்போது முக்கியமான படி. செய்முறையைத் திறந்து ‘1 கப்’ என்பதன் பக்கத்திலேயே அந்தக் கிராமை எழுதிவிடுங்கள். முதல் தடவை சமைத்து, பழம் கூடுதலாகவோ குறைவாகவோ பட்டால், அந்த எண்ணைத் திருத்துங்கள். மூன்று கப் 435 கிராமா 450 கிராமா என்ற சந்தேகத்துக்கு அதன் பிறகு இடமில்லை. அது இனி உங்கள் செய்முறை, உங்கள் எடை. மூல ஆசிரியரின் கைப்பழக்கத்தைத் துல்லியமாக மீட்க யாராலும் முடியாது. ஒவ்வொரு முறையும் ஒரே அளவு விழச் செய்வது உங்கள் கையில் இருக்கிறது, சமையலில் அதுவே அதிகம் உதவும்.

தராசைப் பற்றிச் சில எச்சரிக்கைகள்:

ஒரு கிராம் படிகளில் காட்டும் தராசு 100 கிராமுக்கு நல்லது. 10 கிராமுக்குப் போதாது, ஒரு கிராம் பிழையே பத்தில் ஒரு பங்கு. ஒரு டேபிள்ஸ்பூன் திராட்சை 9 கிராம்தான். அந்த அளவுக்கு ஸ்பூனே மேல்.

பல டிஜிட்டல் தராசுகள் பூஜ்யத்தை ஒட்டிய மிகச் சிறு மாற்றங்களைத் தாமாகவே அழித்துவிடும். பாத்திரத்தைப் பூஜ்யமாக்கிவிட்டு ஒவ்வொரு பழமாக மெதுவாகப் போட்டால் முதல் சில கிராம்கள் கணக்கில் ஏறாமல் போகலாம். ஒரு கை நிறைய ஒரேயடியாகப் போட்டால் இந்தச் சிக்கல் இல்லை. கனமான பாத்திரத்தை வைத்துவிட்டுத் தராசின் உச்ச எடையைத் தாண்டுவது, சமமில்லாத மேடையில் வைப்பது, பேட்டரி தளர்ந்த பிறகும் நம்புவது ஆகியவை மற்ற வழக்கமான தவறுகள்.

பசையுள்ள பழத்துக்கு ஒரு நல்ல உத்தி உண்டு. பொட்டலத்தையோ டப்பாவையோ அப்படியே தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். பழத்தை எடுக்க எடுக்கத் தராசு கழித்தலில் இறங்கும். −150 வந்ததும் நிறுத்தினால் 150 கிராம் எடுத்துவிட்டீர்கள். ஒரு பாத்திரமும் கழுவ வேண்டியதில்லை.

இந்த வழியின் மறைமுகச் செலவு: வேறு ரகம், வேறு நறுக்கல், வேறு ஈரப்பதம் உள்ள பழம் வாங்கினால், கப்பில் எழுதிய புதிய செய்முறைகளை மாற்ற மறுபடி நிறுக்க வேண்டும். ஏற்கெனவே கிராமில் எழுதி முடித்த செய்முறைக்கு அது தேவையில்லை.

## வழி 4: எண்ணிப் போடுவது

பெரிய பழங்களுக்குக் கப்பைவிட எண்ணிக்கை மேலானது; அதுவும் ரகம் தெரிந்தால் மட்டும். பேரீச்சையில் மெட்ஜூல் ரகம் கொட்டை நீக்கி ஒன்று சுமார் 24 கிராம். டெக்லெட் நூர் ஒன்று சுமார் 7 கிராம். ‘10 பேரீச்சை’ என்று எழுதிய செய்முறை, ரகத்தைச் சொல்லாவிட்டால், 70 கிராமையும் குறிக்கலாம், 240 கிராமையும் குறிக்கலாம். அந்த அளவு சர்க்கரை வித்தியாசத்தை எந்தக் கலவையும் மறைக்காது. நறுக்கிய ஒரு கப்புக்கு மெட்ஜூல் ஆறும், டெக்லெட் நூர் இருபதும் ஏறக்குறையச் சரியாக வரும்.

மற்றவற்றில், உலர் அத்தி ஒன்று 8 கிராம், ஏப்ரிகாட் பாதி ஒன்று 3.5 கிராம், கொட்டை நீக்கிய ப்ரூன் ஒன்று 9 கிராம் என்று தோராயமாகக் கொள்ளலாம். உங்கள் பொட்டலத்தில் பத்தை எடுத்து நிறுத்துப் பத்தால் வகுத்தால் இதைவிடச் சரியான எண் கிடைக்கும். பொறுக்கி எடுக்காதீர்கள், கைக்கு வந்த பத்தாக இருக்கட்டும்.

திராட்சையை யாரும் எண்ண மாட்டார்கள், எண்ணவும் தேவையில்லை.

## வழி 5: பொட்டலத்தைப் பங்கிடுவது

தராசும் இல்லை, அளவுக் கப்பும் இல்லை என்னும் நிலையில் மிச்சமிருக்கும் ஒரே நம்பகமான எண், பொட்டலத்தின்மேல் அச்சிட்ட நிகர எடை. முழுப் பொட்டலத்தையும் செவ்வகத் தட்டில் ஒரே கனத்தில் பரப்பி, தட்டைக் கரண்டியால் நேர்க்கோடு இழுத்துப் பாதியாக்கி, பாதியைப் பாதியாக்குங்கள். 500 கிராமில் கால் பங்கு 125, மூன்றில் ஒரு பங்கு 167. பரப்பிய கனம் ஓரத்தில் மெலிந்து நடுவில் தடித்திருந்தால் ஓரத்துப் பங்கு குறைந்துபோகும். தட்டின் சுவர்வரை பரப்ப வேண்டும். எட்டில் ஒன்றுக்குக் கீழே பிரிக்க முயலாதீர்கள். திறந்து பாதி தின்ற பொட்டலத்துக்கு இந்த வழியே கிடையாது.

## ஒரே பார்வையில்

| வழி | அளவு மாறாமல் வருமா | வேண்டியவை | மறைந்திருக்கும் செலவு | ஏற்ற பழம் |
|---|---|---|---|---|
| கப் | நிரப்பும் கையைப் பொறுத்தது | அளவுக் கப் | ஒட்டல், கழுவல். வாங்கும் அளவு தெரியாது | திராட்சை, கிரான்பெரி |
| பட்டியல் | வரும், மூலக் கப்பைச் சரியாகக் கண்டுபிடித்தால் | பட்டியல், தராசு | தவறான கப், அவுன்ஸ் குழப்பம் | திராட்சை வகைகள் |
| சொந்த நிறுவை | நன்றாக வரும் | தராசு, கப், குறிப்பேடு | பழத்துக்குப் பத்து நிமிடம்; புதுப் பழத்துக்கு மறுபடி | எல்லாம், குறிப்பாக நறுக்கியவை |
| எண்ணிக்கை | ரகம் ஒன்றாக இருந்தால் | எதுவும் வேண்டாம் | ரகம் மாறினால் மூன்று மடங்கு பிழை | பேரீச்சை, அத்தி, ப்ரூன் |
| பங்கிடல் | ஓரளவு | திறக்காத பொட்டலம், தட்டு | சிறு அளவுக்கு உதவாது | உதிரியான எதுவும் |

## எந்தச் சமையலுக்கு எது

ரொட்டிக்குத் தராசு கட்டாயம். ரொட்டி சுடுபவர்கள் பழத்தை மாவின் எடையில் விழுக்காடாகவே கணக்கிடுகிறார்கள். 500 கிராம் மாவுக்கு 30 விழுக்காடு என்றால் 150 கிராம். பழம் அதிகமானால் பசைமாவின் பிணைப்பு அறுபட்டு ரொட்டி சரியாக எழும்பாது. கப் கணக்கில் எழுதிய ரொட்டிச் செய்முறையை மாற்றும்போது, மாற்றிய எடை மாவில் எத்தனை விழுக்காடு என்று ஒரு முறை வகுத்துப் பாருங்கள். மாவின் எடையில் பாதியைத் தாண்டினால், மறுபடி கணக்கைச் சரிபார்ப்பது நல்லது.

பழக் கேக்குக்கும் எடைதான். இங்கே பல பழங்கள் சேர்வதால் இன்னொரு வசதி: மொத்த எடையைப் பிடித்துக்கொண்டு, பழங்களைத் தமக்குள் மாற்றிக்கொள்ளலாம். ஒரு கப் திராட்சைக்குப் பதிலாக ஒரு கப் ஏப்ரிகாட் போட்டால் 15 கிராம் குறையும். ஒரு கப் ஆப்பிள் வளையம் போட்டால் 59 கிராம் குறையும். கிராமுக்குக் கிராம் மாற்றினால் இந்தத் தடுமாற்றம் வராது.

பேரீச்சை விழுது, உலர்பழ உருண்டை, பார் போன்றவற்றில் பழமே பிணைக்கும் பொருள். கொஞ்சம் குறைந்தால் உதிரும், கூடினால் கையில் ஒட்டும். எடை, அது முடியாவிட்டால் ரகம் தெரிந்த எண்ணிக்கை. கப் இங்கே மிக மோசம், ஏனென்றால் பேரீச்சையின் கட்டிகளும் பொந்துகளும் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி விழும்.

பிஸ்கட்டிலும் மஃபினிலும் ஒரு கப்புக்கு உட்பட்ட திராட்சைக்குக் கப்பே போதும். தூவலுக்கும் சாலட்டுக்கும் கண்ணளவே போதும். செய்முறையை நான்கு மடங்காக்கிச் சமைக்கும் நாளில் மட்டும், எந்தப் பலகாரமாக இருந்தாலும், கிராமுக்கு மாறிவிடுங்கள்.

## தராசும் காட்டாத மூன்று விஷயங்கள்

ஈரப்பதம். உலர் திராட்சையில் நீர் சுமார் 15 விழுக்காடு. அப்படியே தின்னும்படி மென்மையாக விற்கும் ஏப்ரிகாட்டிலும் ப்ரூனிலும் 30 விழுக்காட்டை ஒட்டியிருக்கும். 150 கிராம் மென்மையான ஏப்ரிகாட்டும், அலமாரியில் கிடந்து இறுகிய 150 கிராம் ஏப்ரிகாட்டும் தராசில் சமம், கலவைக்குள் சமமில்லை. இறுகியதில் பழச்சத்து கூடுதல், அது கலவையிலிருந்து குடிக்கும் ஈரமும் கூடுதல். எடையை மாற்றாமல், இறுகிய பழத்தைச் சுடுநீரில் பத்து நிமிடம் போட்டு வடித்துத் துடைத்த பிறகு சேர்த்தால் சரியாகும்.

கொட்டை. கொட்டையோடு நிறுத்து, கொட்டை நீக்கியதற்கான எடையைப் போட்டால் பழம் குறையும். பத்துப் பேரீச்சையைக் கொட்டையோடு நிறுத்து, நீக்கிய பிறகும் நிறுத்தால், அந்த ரகத்தில் எவ்வளவு கழிகிறது என்று தெரிந்துவிடும். வாங்க வேண்டிய எடையை அதிலிருந்து கணக்கிடலாம்.

ஊறல். ஊறிய பழம் தண்ணீரையும் சேர்த்து எடை காட்டும், கப்பிலும் பெருத்து நிற்கும். செய்முறையில் ‘ஊறியது ஒரு கப்’ என்று தெளிவாக எழுதியிருந்தாலன்றி, நிறுப்பதும் அளப்பதும் ஊறவைப்பதற்கு முன்புதான். ஊறிய பின் அளக்கச் சொல்லியிருந்தால் பட்டியலின் எந்த எண்ணும் பொருந்தாது. அந்தச் செய்முறைக்கு எனத் தனியாக, உலர்ந்த நிலையில் எத்தனை கிராம் போட்டால் ஊறி ஒரு கப் ஆகிறது என்று ஒரு முறை பார்த்து, உலர்ந்த எடையையே குறித்துக்கொள்ளுங்கள்.